ஏழின் கால்

பதினோரு மாதம் ஓர் எழுத்துருவை வரைந்தேன்,
பிர்னோவில், ட்ராம் திரும்பும் முனைக்கு மேலே,
மூன்றாம் மாடியில்.
ட்ராம் திரும்பும்போதெல்லாம் மேசை நடுங்கும்.
என் கைதான் நடுங்குகிறதென்று
முதல் வாரத்து வளைவுகளை எல்லாம் அழித்திருக்கிறேன்.

நாவல்களுக்கென்றே வரைந்தது.
நானூறு பக்கம் நடந்தாலும்
கண்ணுக்குக் கால் வலிக்கக் கூடாது.
அதனால் ஒவ்வோர் எழுத்துக்கும் பாதம் வைத்தேன்.
தட்டைப் பாதமில்லை,
ஈர மணலில் ஊன்றி எடுத்ததுபோல்
நடுவில் இம்மி குழிந்தது.
திரையில் பெரிதாக்கினால் தெரியும்.
அச்சில் தெரியாது. தெரியவும் வேண்டாம்.
செருப்பின் அடியை யார் பார்க்கிறார்கள்?

எங்கள் மொழியில் ஓர் எழுத்து உண்டு,
ரகரமும் ஷகரமும் ஒரே மூச்சில் இடித்துக்கொள்வது.
பல் முளைத்து நெடுநாளான பின்னும்
பிள்ளைகள் அதைச் சொல்ல முயன்று எச்சில் தெறிப்பார்கள்.
அதன் தலையில் ஒரு கொக்கி.
உயர்த்தினால் மேல்வரியின் வாலில் மாட்டும்,
தாழ்த்தினால் தொப்பி கண்ணை மறைக்கும்.
அதற்கே பிப்ரவரி போயிற்று.
பிப்ரவரியில் வாடகை போகவில்லை.

இலக்கங்களைப் பழைய முறையில் செய்தேன்.
மூன்று நான்கு ஐந்து ஏழு ஒன்பது,
ஏரித்துறைப் பலகையில் உட்கார்ந்தவர்களைப் போல
வரிக்குக் கீழே காலைத் தொங்கவிட்டிருக்கும்.
ஆறும் எட்டும் எழுந்து நிற்கும்.
சுழியம் பொடிசு.
கதைக்குள் ஒரு வருடம் வந்தால்
வாசிப்பவன் தடுக்கி விழக் கூடாது, அவ்வளவுதான்.

நாவல் போடுகிறவர் யாரும் வாங்கவில்லை.
குபெல்கா மட்டும் மாதிரித் தாளை முகர்ந்து பார்த்துவிட்டு
நன்றாயிருக்கிறது என்றார்,
ஆனால் இருக்கிறதே போதும் என்றார்.
விற்றது ஒரே ஓர் உரிமம், ஐந்து கணினிக்கு,
ஏதோ ஓர் அலுவலகம்.
பெயரைக்கூடப் பார்க்கவில்லை.
கம்பளிக் காலுறை வாங்கினேன்.

நவம்பரில் தபால்காரி யார்மிலா
கையெழுத்து வாங்கிக்கொண்டு ஓர் உறை தந்தாள்.
கிழித்ததும் கண்ணில் பட்டது கடனல்ல,
என் பாதங்கள்.
கடன் வசூல் அதிகாரி ஹினெக் வொட்ரூபாவின் அலுவலகம்
பன்னிரண்டு புள்ளி அளவில், இரு ஓரமும் சீராக,
என் எழுத்துருவில்
என்னை வெளியேறச் சொல்லியிருந்தது.
தலையெழுத்து என்பார்களே,
அது என் கைவேலையாக இருந்தது.

நாற்பத்தேழாயிரத்து முந்நூறு கொருனா.
நான்கும் ஏழும் மூன்றும் காலை ஆட்டிக்கொண்டிருக்க
பின்னால் இரண்டு பொடிச் சுழியங்கள்.
சாதுவான தொகையாகத்தான் தெரிந்தது,
கதையில் வரும் எவனோ பட்ட கடனைப் போல.
இரண்டாம் பத்தி வரை
நான் ஒரு நாவல் வாசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது பார்த்தேன்.
நான்குக்கும் ஏழுக்கும் நடுவே இடைவெளி அதிகம்.
மயிரிழைதான். ஆனாலும்
சண்டை போட்ட தம்பதி ட்ராமில் உட்கார்ந்ததுபோல.
பதினோரு மாதத்தில் ஒரு தடவைகூட
இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கவில்லையா நான்?
முகம் சுட்டது.
கடனுக்காக அல்ல.

அன்றிரவே கோப்பைத் திறந்து
ஏழை இடப்பக்கம் ஒன்பது அலகு நகர்த்தினேன்.
கீழே ட்ராம் இரண்டு முறை திரும்பிப் போயிற்று.
திருத்திய பதிப்பை
உரிமம் பெற்ற அனைவருக்கும் அனுப்பினேன்.
அனைவர் என்றால் ஒரு முகவரி.

பத்து நாள் கழித்து இரண்டாம் கடிதம்.
தொகை ஏறியிருந்தது, நாற்பத்தேழாயிரத்துத் தொள்ளாயிரம்.
ஏழு இப்போது நான்கின் தோளை ஒட்டி உட்கார்ந்திருந்தது.
வொட்ரூபாவின் அலுவலகத்தில் யாரோ ஒருவர்
மெனக்கெட்டு அதை நிறுவியிருக்கிறார்.
நன்றி எழுதலாமா என்று யோசித்தேன்.
விளக்கை இழுத்து வைத்து வரிவரியாகத் தேடினேன்.
கொக்கி, வால், இடைவெளி,
குறை ஒன்றும் அகப்படவில்லை.
வேறு வழியில்லாமல்
எழுதியிருந்ததைக் கடைசிவரை வாசித்தேன்:
வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி.